உள்ளங்கை மஞ்சளானதற்கும் ஊசி குறைந்ததற்கும் காரணம் வேறுவேறு

நீலகிரியில் கேத்தி பக்கம் கேரட் போடும் குடும்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். எட்டு வயதுப் பையன், 22 கிலோ. ஏழு மாதத்துக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 18 யூனிட் இன்சுலின் தேவைப்பட்டது, இப்போது 7 யூனிட்டே போதுகிறது. மூன்று மாதமாகக் காலையிலும் மாலையிலும் கேரட் ஜூஸ் கொடுக்கிறார்கள். "எதிர்ப்பு சக்தியைச் சரிபண்ணும்" என்று உறவுக்காரர் ஒருவர் வாங்கித் தந்த வைட்டமின் ஏ மாத்திரையும் தினம் ஒன்று, 25,000 யூனிட். பையனுடைய உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. "டாக்டரம்மா, இது வேலை செய்யறதாலதானே ஊசி குறையுது? இப்படியே போனா நிறுத்திடலாமா? கை மஞ்சளா இருக்கே, காமாலையா? சின்னவளுக்கு மூணு வயசு, அங்கன்வாடியில வைட்டமின் ஏ சொட்டு ஊத்தறாங்க, அவளுக்கும் வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" இவைதான் கேள்விகள்.

நான் குன்னூரில் முப்பது ஆண்டுக்கு மேல் குழந்தைகளைப் பார்த்தவள். விளக்கம் நீளும் என்பதால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கை மஞ்சள் பெரும்பாலும் கேரட்டால் வந்ததுதான், இருந்தாலும் இரண்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். சின்னவளுக்குச் சொட்டு மருந்து தவறாமல் போடுங்கள்.

மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ ஒரு யூனிட் என்றால் 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால், அதாவது உடம்பு அப்படியே எடுத்துக்கொள்ளும் வடிவ வைட்டமின் ஏ. 25,000 யூனிட் என்றால் 7,500 மைக்ரோகிராம். நான்கிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு மாத்திரை, ஈரல் எண்ணெய், ஈரல், முட்டை, பால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் மேல் வரம்பு 900 மைக்ரோகிராம். உங்கள் பையன் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் தினமும் விழுங்கியிருக்கிறான். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அரசுத் திட்டத்தில் ஒன்பதாவது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட்டும், அதன்பின் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட்டும் கொடுக்கிறார்கள். ஒன்பது தவணைக்கும் சேர்த்து 17 லட்சம். நான்கு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டுவிட்டுக் கொடுப்பது அவ்வளவுதான். உங்கள் வீட்டில் 90 நாளில் 22 லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது.

வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, ஈரலில் போய்ப் படியும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், தோல் உரிதல், முடி கொட்டுதல், எலும்பு வலி, ஈரல் பாதிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதால்தான் அந்தத் தலைவலியும் வாந்தியும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இதில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும்போதும் வாந்தி வரும். வாந்தி எடுத்த பிள்ளையைப் பார்த்து "மாத்திரை சூடு" என்று மோர் கொடுத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டால், கீட்டோன் அமிலம் ஏறிக்கொண்டே போகும். அதனால் வாந்தி என்றால் முதலில் சர்க்கரை, அடுத்து கீட்டோன். இரண்டையும் பார்க்காமல் வேறு எதையும் யோசிக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ஈரல் சோதனை எழுதித் தருவார். பையனுக்கு இப்போது தலைவலி இருந்தால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.

இனி மஞ்சள் கை. பையனை வாசலுக்கு அழைத்துவந்து பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலை என்றால் முதலில் அங்கேதான் மஞ்சள் தெரியும், சிறுநீரும் அடர்ந்த மஞ்சளாகப் போகும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமி மிஞ்சும்போது உள்ளங்கை, பாதம், மூக்கின் ஓரம் மஞ்சளாகும், கண் வெள்ளையாகவே இருக்கும். கேரட் அறுவடைக் காலத்தில் இப்படி மஞ்சள் கையோடு பிள்ளைகளைக் கூட்டிவந்து பதறிய தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நிறம் கெடுதல் செய்யாது, ஜூஸை நிறுத்தினால் சில வாரத்தில் வெளுத்துவிடும். கேரட்டிலிருந்து வரும் கரோட்டினைக் குடல்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றுகிறது. உடம்பில் போதுமான அளவு இருந்தால் குடல் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாறாத நிறமி அப்படியே தோலில் தங்குகிறது. அதனால்தான் எவ்வளவு கேரட் தின்றாலும் வைட்டமின் ஏ விஷமாவதில்லை. மாத்திரையில் வருவது மாற்றம் முடிந்த ரெட்டினால், அதற்குக் குடலில் எந்தத் தடையும் கிடையாது.

ஆனால் டைப் 1 உள்ள பிள்ளைக்குக் கை மஞ்சளானால் நான் கேரட்டோடு விஷயத்தை முடித்துவிட மாட்டேன். கரோட்டினை மாற்ற தைராய்டு ஹார்மோன் உதவ வேண்டும். தைராய்டு மந்தமானாலும் உள்ளங்கை மஞ்சளாகும். கணையத்தைத் தாக்கிய அதே மாதிரித் தாக்குதல் தைராய்டிலும் நடப்பது டைப் 1 பிள்ளைகளிடம் சகஜம். அதனால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். நோய் கண்டுபிடித்தபோது எடுத்திருப்பார்கள், ஒரு தரம் மறுபடியும் எடுப்பது நல்லது. கூடவே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. கோதுமையிலுள்ள குளூட்டனைக் குடல் எதிரியாக எண்ணித் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும் நோய் அது. டைப் 1 உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். வட இந்தியாவைவிட நம் பக்கம் மிகக் குறைவு என்பது உண்மைதான், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கம். இதை இங்கே சொல்லக் காரணம், டைப் 1 பிள்ளைக்கு நிஜமாகவே வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. குடல் உறிஞ்ச மறுத்தால் எத்தனை கேரட் போட்டும் பயனில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஊசி ஏன் குறைந்தது?

டைப் 1 என்று தெரியவரும் நாளில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் எல்லாமே செத்துப்போயிருப்பதில்லை. கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் ரத்தத்தில் 400, 500 என்று சர்க்கரை நிற்கும்போது அந்த மிச்சமும் திணறி, வேலை செய்ய முடியாமல் கிடக்கும். ஊசி போட ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கியதும், ஓய்வு கிடைத்த செல்கள் எழுந்து தங்களால் ஆனதைச் சுரக்கின்றன. உடம்பும் இன்சுலினுக்கு நன்றாகப் பணிகிறது. தொடங்கிய சில வாரங்களிலேயே யூனிட் மளமளவென்று குறைவது இதனால்தான். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, அந்த வீட்டில் நடப்பது தேனிலவா என்ன. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கீழே இன்சுலின் போதுமானால் இந்தக் கட்டம் என்று சொல்வோம். உங்கள் பையனுக்கு 22 கிலோவுக்கு 7 யூனிட், அரை யூனிட்டுக்கு நன்றாகவே கீழே. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடம், அதைத் தாண்டியும் நீடிப்பதுண்டு. பின் மெதுவாக யூனிட் ஏறும்.

என் அனுபவத்தில் மனதை மிகவும் அறுத்தது இந்தக் கட்டம்தான். வீட்டில் எல்லோரும் எதையாவது கொடுத்துப் பார்க்கும் நேரமும் இதுதான். ஒரு வீட்டில் சிறுகுறிஞ்சான் பொடி, இன்னொரு வீட்டில் பாகற்சாறு, வேறொரு வீட்டில் யாரோ மந்திரித்துத் தந்த விபூதி. எல்லா வீட்டிலும் ஊசி குறைந்தது, கொடுத்த பொருளுக்குப் புகழ் போனது. எதையுமே கொடுக்காத வீட்டிலும் ஊசி குறைந்தது, அந்த வீட்டுக் கதையை யாரும் ஊரில் பேசுவதில்லை. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். இதே மாதிரி யூனிட் குறைந்து குறைந்து, ஒரு நாள் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் இன்சுலின் தேவை ஏறும், மிச்சமிருந்த செல்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, வாயில் பழ வாடையோடு, நினைவு தப்பும் நிலையில் வந்தாள். பிழைத்துவிட்டாள். அந்த இரவு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்சுலின் சிறிய அளவாக இருந்தாலும் தொடர வேண்டும். மிச்சச் செல்களின் சுமையை அந்த 7 யூனிட்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை அடிக்கடி 70-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கேட்டு ஒரு யூனிட், அரை யூனிட் என்று குறைக்கலாம். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

உறவினர் சொன்ன "எதிர்ப்பு சக்தி" என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நம் பேச்சில் எதிர்ப்பு சக்தி என்றால் கூடக் கூட நல்லது, குறைந்தால் நோய். சளிக்கும் காய்ச்சலுக்கும் அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். டைப் 1-க்குப் பொருந்தாது. இந்தப் பையனுக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிக்க வேண்டிய டி செல்கள், சொந்தக் கணையத்தின் பீட்டா செல்லையே அந்நியன் என்று நினைத்து அழித்திருக்கின்றன. நீங்கள் இனிப்புக் கொடுத்ததால் வந்ததில்லை, கருவுற்றிருந்தபோது எதையோ தின்றதாலும் வந்ததில்லை. இந்த நோயில் எதிர்ப்பு சக்தியைக் "கூட்டும்" பொருள் எது என்று தேடுவதே தவறான கேள்வி. அதை அடக்கியாளும் பொருள் எது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் தேடுவது.

அந்தத் தேடலில் வைட்டமின் ஏ நிஜமாகவே வருகிறது. உங்கள் உறவினர் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி தெரியாததால்தான் ஆபத்து.

வைட்டமின் ஏக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவு பழைய கதை. 1928-லேயே இங்கிலாந்தில் கிரீன், மெல்லன்பி என்ற இருவர் அதைத் தொற்றைத் தடுக்கும் வைட்டமின் என்று எழுதினார்கள். நம் மலைக்கும் இதில் பங்குண்டு. குன்னூர் சிம்ஸ் பார்க்குக்கு எதிரே உள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918-ல் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய ஆய்வுப் பிரிவுதான் பிறகு வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. எந்த உணவில் எந்தச் சத்து இல்லாவிட்டால் எந்த நோய் வருகிறது என்று குன்னூரில் எலிகளை வைத்துப் பல வருடம் பார்த்தார் மெக்கேரிசன். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1930-களில் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் தோலையும் பரிசோதித்தார். மாலைக்கண்ணும், முழங்கையில் தவளைத்தோல்போல் முள்முள்ளாக எழும் தோலும் அன்றைக்கு சாதாரணம். 1990-ல் வெளிவந்த ஒரு ஆய்வு திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் சாவு பாதிக்கும் மேல் குறைந்தது, 54 சதவீதம். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும் எண் அது. ஆனால் கவனியுங்கள், அது வாரத்துக்கு 8,333. உங்கள் பையனுக்குப் போனதோ நாளைக்கு 25,000. அந்தப் பிள்ளைகளிடம் வைட்டமின் ஏ பற்றாக்குறை பரவலாக இருந்தது. குறை இருந்த இடத்தில் குறையை நிரப்பினார்கள், உயிர் நின்றது. நிரம்பிய குடத்தில் ஊற்றினால் அந்தப் பலன் வராது.

சின்னவளுக்குச் சொட்டு வேண்டும் என்று சொன்னது இதனால்தான். அவளுக்கு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வீட்டில் மாத்திரை மிச்சமிருந்தால் அவளுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, டி செல்லிடம் வைட்டமின் ஏ என்ன செய்கிறது? நாம் தின்னும் ரெட்டினால் செல்லுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று கட்டளையிடும் ஆற்றல் கொண்டது. குடலைச் சுற்றியுள்ள சில காவல் செல்கள் இந்த அமிலத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. நாம் தினமும் சோறு, பருப்பு, பால் என்று எத்தனையோ அந்நியப் பொருளை விழுங்குகிறோம். அவற்றையெல்லாம் எதிரி என்று தாக்காமல் பொறுத்துக்கொள்ள டி செல்லுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தக் காவல் செல்களின் வேலை. ரெட்டினாயிக் அமிலம் இருந்தால் புதிய டி செல்கள் அடக்கி வைக்கும் வகைச் செல்களாக வளர்கின்றன என்று 2007-ல் பல ஆய்வகங்கள் ஒரே காலத்தில் காட்டின. அந்த வகைச் செல் சண்டை போடாது, சண்டை போடும் செல்லைப் பிடித்து நிறுத்தும். டைப் 1 நோயில் பலவீனப்பட்டிருப்பது இந்த அடக்கும் வேலைதான். அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது.

2011-ல் வேறு முகம் தெரிந்தது. சீலியாக் நோயை ஆராய்ந்தவர்கள், குடலில் ஏற்கனவே ஒருவித அழற்சிச் சமிக்ஞை ஓங்கியிருந்தால் அதே ரெட்டினாயிக் அமிலம் அமைதிப்படுத்துவதை விட்டுவிட்டு அழற்சிக்கே துணைபோகிறது என்று கண்டார்கள். ஒரே பொருள், சூழ்நிலைக்குத் தக்கபடி வேறு பேச்சு. இதைப் படித்த பிறகு "எதிர்ப்பு சக்திக்கு வைட்டமின் ஏ" என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால் எனக்குப் பயம் வருகிறது.

எலிகளிடமும் இதே இரட்டைக் கதைதான். தானாகவே டைப் 1 வரும் எலி இனம் ஒன்று ஜப்பானில் 1980-ல் அறியப்பட்டது. உலகமெங்கும் இந்த நோயை அதை வைத்தே ஆராய்கிறார்கள். நோய் வருவதற்கு முன்னாலிருந்தே வைட்டமின் ஏ நிறைந்த தீனி கொடுத்து வளர்த்ததில், சாதாரணத் தீனி தின்றவற்றில் பாதிக்கு மேல் நோய்ப்பட, இவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே நோய் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நோய் வரும் வேறொரு பெரிய எலி இனத்தில் 1996-ல் செய்த ஆய்வில், வைட்டமின் ஏ குறைந்த எலிகளுக்குத்தான் சர்க்கரை நோய் குறைவாக வந்தது. போருக்குப் போகும் டி செல்லுக்கும் வைட்டமின் ஏ தேவை என்பது அதற்கு ஒரு விளக்கம். இப்படி எதிரெதிராகப் பேசும் சான்றை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளைக்கு மாத்திரை எழுத எந்த மருத்துவருக்கும் கை வராது. அதோடு, அந்த எலிகளுக்குக் கொடுத்தது நோய் வருவதற்கு முன். இங்கே பீட்டா செல்களில் பெரும்பகுதி ஏற்கனவே போய்விட்டது.

"ஆனால் சர்க்கரை உள்ளவங்களுக்கு ரத்தத்துல வைட்டமின் ஏ கம்மியா இருக்குமாமே" என்று உறவினர் கேட்கலாம். அதுவும் உண்மை. 1980-களின் கடைசியிலேயே டைப் 1 உள்ளவர்களின் ரத்தத்தில் ரெட்டினாலும் அதைச் சுமந்து செல்லும் புரதமும் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். ஏன் என்று தேடியபோது கிடைத்த பதில்தான் இந்த முழு விஷயத்திலும் என் மனதுக்கு நெருக்கமானது. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளின் ரத்தத்தில் வைட்டமின் ஏ குறைந்திருந்தது, ஈரலிலோ சரக்கு குறையவில்லை, தேங்கிக் கிடந்தது. உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கேரட்டைக் கழுவி மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோக லாரி வரவில்லை. மண்டியில் கேரட் இல்லை என்பதற்காக இன்னும் பத்து மூட்டை பிடுங்கிக் கிடங்கில் அடுக்கினால் என்ன ஆகும்? அடியில் இருப்பது அழுகும். ஈரலிலிருந்து ரெட்டினாலை ஏற்றிச் செல்லும் லாரி அந்தப் புரதம். இன்சுலின் இல்லாதபோது ஈரல் அதைச் சரியாகத் தயாரிப்பதில்லை. எலிகளுக்கு வைட்டமின் ஏ கூட்டிக் கொடுத்தபோது ரத்த அளவு சீராகவில்லை, இன்சுலின் கொடுத்தபோது சீரானது.

ஆக, வைட்டமின் ஏ தன் வேலையைச் செய்ய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் அதற்கும் வழி இன்சுலின்தான். ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை கொடுத்தால் ஈரலில் சரக்கு ஏறிக்கொண்டே போகும், டி செல்லுக்குப் போய்ச் சேராது.

மனிதர்களிடம்? வைட்டமின் ஏ கொடுத்து டைப் 1-ஐத் திருப்பியதாகவோ இன்சுலினிலிருந்து யாரையும் விடுவித்ததாகவோ எந்தச் சோதனையும் காட்டவில்லை. நார்வேயில் பிறந்த முதல் வருடத்தில் காட் மீன் ஈரல் எண்ணெய் குடித்த குழந்தைகளிடம் டைப் 1 குறைவாக இருந்தது என்று ஒரு ஆய்வு வந்தது. அந்த எண்ணெயில் வைட்டமின் டியும் ஒமேகா கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. டி செல்லை அடக்கி இந்த நோயைத் தள்ளிப்போடுகிறது என்று நிரூபித்து அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி பெற்ற மருந்து ஒன்று உண்டு, டெப்லிசுமாப். நோய் வெளிப்படுவதற்கு முந்தின கட்டத்திலேயே, மருத்துவமனையில் வைத்து, 14 நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். அவ்வளவு செய்தும் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வருடத் தாமதம். நோயை அது நீக்குவதில்லை. அந்த இரண்டு வருடம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய வரம்தான். இந்த நோயின் பிடி எவ்வளவு கெட்டி என்பதும் அதிலேயே தெரிகிறது.

சாப்பாட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் மண்ணில் விளைவதை வைத்தே. இந்த வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 400-லிருந்து 600 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ போதும். நடுத்தரமான ஒரு கேரட்டிலேயே ஏறக்குறைய அவ்வளவும் கிடைத்துவிடும். ஜூஸாக்கினால் நார் போய்விடுகிறது, ஒரு பெரிய டம்ளரில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, இரண்டு வேளைக்கு 40 கிராம். அதற்கு இன்சுலின் கணக்குப் போடாவிட்டால் சர்க்கரை ஏறும், ஊசி கூடும். கேரட்டைப் பொரியலாகச் செய்யுங்கள், எண்ணெயில் தாளித்துத் தேங்காய் போட்டு. வெந்த கேரட்டிலிருந்தும், கூட எண்ணெய் இருந்தாலும், கரோட்டின் நன்றாக உறிஞ்சப்படும். தோட்டத்து ஓரத்தில் பட்டர் ஃப்ரூட் மரம் இருந்தால் இன்னும் நல்லது. அதன் கொழுப்பு கரோட்டினைத் தூக்கிக்கொடுக்கும், சர்க்கரையும் அதில் மிகக் குறைவு. கீரை, முட்டை மஞ்சள் கரு, பால், ஒரு ஸ்பூன் நெய். கீழேயிருந்து வரும் பப்பாளியும் முருங்கைக்கீரையும் கிடைக்கும்போது. அவரை, பயறு, ராகி, கடலை இவற்றிலுள்ள துத்தநாகமும் வேண்டும். நான் சொன்ன அந்த லாரியைக் கட்டுவதற்குத் துத்தநாகம் தேவை, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது அது சிறுநீரில் கூடுதலாகப் போய்விடும்.

உங்கள் ஊரை நினைத்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மார்கழி, தை மாதங்களில் கேத்திப் பள்ளத்தாக்கில் புல்மேல் வெள்ளையாக உறைபனி படரும். இன்சுலின் உறைந்துவிட்டால் அதன் வீரியம் போய்விடும், உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருந்தாலும் பயன்படாது. இரவில் ஜீப்பிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். ஃப்ரிஜ்ஜில் குளிரூட்டும் பெட்டியை ஒட்டியும் வேண்டாம், கதவுப் பக்கம் வையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெயிலில் நிற்கும் வண்டியிலும் விட்டுவிடாதீர்கள். உறைந்த மருந்தைப் போட்டுச் சர்க்கரை ஏறினால், "மாத்திரையை நிறுத்தினதாலதான் ஏறிச்சு" என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

வரும் மாதங்களில் யூனிட் ஏறத் தொடங்கினாலும் அதே பேச்சு வரலாம். 7 என்பது 9 ஆகும், 12 ஆகும். பையன் வளர்வான், எடை கூடும், மிச்சச் செல்கள் ஓயும், அதனால் ஏறும். அன்றைக்கு நீங்கள் எதையோ தவறவிட்டதாக நினைத்து அழாதீர்கள் அம்மா. உறவினர் அன்போடுதான் வாங்கித் தந்தார், அவரிடமும் சண்டை வேண்டாம், இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டைக் கழுவிப் பச்சையாகக் கடித்துத் தின்பான் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தடுக்காதீர்கள். கை வெளுக்கும்வரை நாளைக்கு ஒன்று போதும். ஒன்றுக்கு ஆறு கிராம் மாவுச்சத்து என்று நோட்டில் எழுதி, ஊசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.